மந்திரித்த இடுப்புப் பட்டை

என் வீட்டுக்காரர் ததேயுசுக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே நாற்பது வயதுவரை தெரியாது. சோறு இருந்தால் தின்பார், கடல் அடங்கிக் கிடந்தால் போவார், பாயில் சாய்ந்தால் தூங்கிவிடுவார். அவ்வளவுதான் மனுஷன். யாரோடும் சண்டை கிடையாது, பொய் புரட்டு கிடையாது, கேட்டாலொழிய வாயைத் திறப்பதும் கிடையாது. அவருக்கும் சேர்த்து வியாகுலம்மாள் பேசிக்கொள்கிறாள் என்று ஊரில் என்னைச் சொல்லுவார்கள். சொல்லட்டுமே. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

ஆனால் கயிற்றில் கை வைத்துவிட்டால் அவர் வேறே ஆள். கொளச்சலுக்குக் கிழக்கே எங்கள் துறை. அங்கே கரைமடி இழுப்பார்கள். கரைமடி என்றால் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. வள்ளம் ஒன்று அதைக் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு முனையிலும் நீளக் கயிறு. கிழக்குக் கயிற்றில் ஒரு கூட்டம், மேற்குக் கயிற்றில் ஒரு கூட்டம். இரண்டும் ஒரே சீராக வரவேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் மடி சரிந்து, மீனெல்லாம் நமக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே போய்விடும்.

மேற்குக் கயிற்றின் தலையில், முழங்கால் தண்ணீரில், கடலைப் பார்த்து நிற்பவர் ததேயுஸ். இழுப்புக்குத் தாளமாகப் பாடுகிற அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவர்தான். ஆனால் காற்றும் அலையும் சேர்ந்து இரைகிற இடத்தில் பின்னால் நிற்பவனுக்குப் பாட்டு பாதி கேட்கும், பாதி கேட்காது. அத்தனை பேரும் பார்ப்பது ததேயுசின் இடுப்பைத்தான். அது முன்னால் குனிந்தால் கயிற்றைப் பிடிக்க வேண்டும், பின்னால் சாய்ந்தால் இழுக்க வேண்டும். பாட்டு அவர் வாயில் இல்லை, இடுப்பில் இருக்கிறது என்று மடிக்காரர் கிளீட்டஸ் சொல்லுவார். கரைமடி வலை கிளீட்டசுடையது. யார் எங்கே நிற்பது என்று சொல்லுகிற அதிகாரமும் அவருடையது.

சின்ன வயதில் ததேயுஸ் கயிற்றின் வாலில் நின்றவர். தலையில் நின்ற ஆள் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட, கிளீட்டஸ் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஏலே, நீ போய் நில்லு" என்றாராம். அன்றைக்கு நின்றவர்தான். வீட்டில் வாய் திறக்காத மனுஷன் அங்கே பாடுகிற பாட்டைக் கேட்டுத்தான் எங்க அப்பா எனக்கு அவரைப் பார்த்தார். பாட்டுக்காரன் என்று நம்பிக் கட்டிக்கொண்டு வந்தால், வீட்டில் "உப்பு" என்றும் "தண்ணி" என்றும் இரண்டே சொல்லு. நல்லா ஏமாந்தேன் போங்கள்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் மீன்காரி. பனையோலைக் கடவத்தில் மீனை அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு திங்கள்சந்தை, நெய்யூர் என்று நடப்பேன். கடவத்தைத் தானாகத் தலையில் ஏற்ற முடியாது, இன்னொரு ஆள் வேண்டும். மற்ற வீட்டு ஆம்பிளைகள் மீனைக் கரையில் கொட்டியதோடு சரி. பெண்டுகள் ஒருத்திக்கொருத்தி ஏற்றிக்கொள்வார்கள். எனக்கு மட்டும் கல்யாணமான நாளிலிருந்து என் புருஷன்தான். குனிந்து, ஒரே மூச்சில் தூக்கி, சும்மாட்டின் மேல் அலுங்காமல் வைத்து, "பைய போட்டி" என்பார். மெதுவாகப் போ என்று அர்த்தம். பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. ஆனால் கரையில் நிற்கிற அத்தனை பெண்டுகளும் பார்க்க அதைக் கேட்டுக்கொண்டு நடக்கிற சுகம் எனக்குத்தான் தெரியும்.

நான் சொல்லுவது திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே ராஜ்ஜியமாக இருந்த காலம். ஒரு சித்திரை மாதம், கட்டுமரத்தின் நனைந்த தடியைத் தோளில் ஏற்றக் குனிந்தவர் நிமிரவில்லை. குனிந்தபடியே நிற்கிறார், முகம் வெளுத்துவிட்டது. சேசு, மரி, சூசையே! நாலு பேர் அவரைப் பாய்த்துணியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வர்ம ஆசான் வந்து எண்ணெய் போட்டுத் தடவினார். தடவின அன்றைக்குச் சுகம், இரண்டு நாள் போனால் பழைய குருடி கதவைத் திறடி.

நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் சுந்தர்சிங் என்று ஒரு கம்பவுண்டர் இருந்தார். என்னிடம் வாடிக்கையாக நெத்தோலி வாங்குகிறவர். அவர்தான், "அவரை இஞ்ச கூட்டிட்டு வாரும், டாக்டரய்யா பாக்கட்டும்" என்றார். வண்டி பிடித்துக் கூட்டிப்போனேன். டாக்டரய்யா தட்டிப் பார்த்து, அமுக்கிப் பார்த்து, காலைத் தூக்கச் சொல்லிப் பார்த்து, எலும்புக்கு ஒன்றுமில்லை, சதை பிடித்திருக்கிறது என்றார். தடித்த கித்தானில் தைத்த பட்டை ஒன்றை எடுத்து வரச் சொன்னார். முன்பக்கம் தோல்வாரும் பித்தளைக் கொளுக்கியும். முதுகுப்பக்கம் உறை உறையாகத் தைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சாண் நீள இரும்புத் தகடு. அதை இடுப்பில் கட்டினார்கள். வளைந்து கிடந்த மனுஷன் விளக்குக் கம்பம் போல எழுந்து நின்றார்!

டாக்டரய்யா தெளிவாகத்தான் சொன்னார். நானும் கேட்டேன், அவரும் கேட்டார். "வேலை செய்யும்போது மட்டும் கட்டு. படுக்கும்போது கழற்று. வலி குறையக் குறைய கட்டுகிற நேரத்தையும் குறைத்துக்கொண்டே வா. தினமும் மெல்லக் குனிந்து நிமிர்ந்து பழகு. பட்டையே தாங்கிக்கொண்டிருந்தால் முதுகு சோம்பேறியாகிவிடும்." அனுப்புவதற்கு முன்னால் சுந்தர்சிங் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். ததேயுஸ் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி ஏறினதும் மனுஷன் வாயைத் திறந்தார். "ஏட்டி, அவங்க வேறே சபைக்காரங்க. நாம ரோமைச் சபை. அவங்க ஜெபம் பண்ணித் தந்ததை அப்படியே உடம்புல போடலாமா?"

"வலி வாரப்போ, நீரு எந்தச் சபைன்னு கேட்டுட்டா வந்துது?" என்றேன்.

வண்டியை நேரே மாதா கோயிலுக்கு விடச் சொன்னார். எங்கள் பங்குச் சாமியார் பெரிய மனசுக்காரர். வலை கொண்டு போனாலும் மந்திரிப்பார், கட்டுமரம் என்றாலும் மந்திரிப்பார், புதுக் கோழிக்கூடு என்றாலும் மந்திரிப்பார். பட்டையின் மேல் தீர்த்தம் தெளித்து, சிலுவை போட்டு, "போ மக்கா, மாதா சுகந்தருவா" என்றார். அந்தத் தீர்த்தத்தில்தான் வினை பிடித்தது.

எங்கள் ஆட்களின் கழுத்தில் உத்தரியம் கிடக்கும். நூலில் கோத்த இரண்டு துணித்துண்டு, கார்மேல் மாதாவின் அடையாளம். சின்ன வயதில் சாமியார் மந்திரித்துப் போட்டால் போட்டதுதான். குளித்தாலும் கழற்றமாட்டோம், கடலில் விழுந்தாலும் கழற்றமாட்டோம். பழசாகிக் கிழிந்தால் புதுசு மாட்டின பிறகுதான் பழசை எடுப்போம். செத்துக் கரை ஒதுங்கினாலும் அது கழுத்தில் இருக்கவேண்டும். அதனால் என் புருஷன் என்ன கணக்குப் போட்டார் தெரியுமா? உத்தரியமும் சாமியார் மந்திரித்தது, பட்டையும் சாமியார் மந்திரித்தது. அதைக் கழற்றக் கூடாதென்றால் இதையும் கழற்றக் கூடாது!

பொய் சொல்லக் கூடாது, முதல் மாதம் பட்டை நல்லதுதான் செய்தது. வலி தணிந்தது, மனுஷன் நடமாடினார், முகத்தில் களை வந்தது. நான் மாதாவுக்கு மெழுகுதிரி கூடக் கொளுத்தினேன். ஆனால் வலி போன பிறகும் பட்டை போகவில்லை. பட்டையோடு தின்றார், பட்டையோடு தூங்கினார், பட்டையோடு குளித்தார். ஈரக் கித்தான் உடம்பில் காய்ந்து நாறியது.

நடையும் மாறிப்போயிற்று. பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டார், காலை எடுத்து எடுத்து வைத்து ஆளே வட்டம் போட்டுத் திரும்புவார். வண்டிமாடு திரும்புகிற மாதிரி. பாயில் உட்கார வேண்டுமென்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கால், அப்புறம் மறுகால், அப்புறம் ஒரு பெருமூச்சு. பீடி கீழே விழுந்தால் அதை ஒரு நிமிஷம் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். நானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். கடவம் ஏற்றுவதற்குப் பக்கத்து வீட்டு விக்டோரியாவைக் கூப்பிட ஆரம்பித்தேன். அவள் தூக்குவாள், ஆனால் மண்டையில் இடிப்பாள். "பைய போ" என்று சொல்லவும் ஆளில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் கடல் கொஞ்சம் அடங்கியது. கிளீட்டஸ் மடி வளைக்கச் சொன்னார். ததேயுஸ் பட்டையோடு போய்த் தலையில் நின்றார். பாட்டு எடுத்தார், குரல் பழைய குரல்தான். ஆனால் இடுப்பு ஆடவில்லை. கைதான் முன்னால் போகிறது, பின்னால் வருகிறது. நடுவுடம்பு நட்டுவைத்த கல்லாக நிற்கிறது. பின்னால் நின்றவர்களுக்கு எப்போது பிடிப்பது, எப்போது இழுப்பது என்று தெரியவில்லை. ஒருவன் முந்தினான், ஒருவன் பிந்தினான், ஒருவன் மணலில் குப்புற விழுந்தான். கிழக்குக் கயிறு ஓடி வந்துவிட்டது, மேற்குக் கயிறு கடலிலேயே கிடந்தது. மடி சரிந்தது. வெள்ளி வெள்ளியாகச் சாளை மீன் வெளியே ஓடுவதைக் கரையில் நின்று நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

கிளீட்டஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் வந்து, "ததேயுஸு, கோயில் மடி வரைக்கும் பாப்போம் மக்கா. அன்னைக்கும் இப்பிடித்தான்னா செல்வதாஸ் நிக்கட்டும். நீ உக்காந்து கிழிஞ்ச வலை பொத்து" என்றார்.

கோயில் மடி என்பது எங்கள் துறை வழக்கம். ஆவணிக் கடைசியில் மாதா திருநாள் முடிந்த மறுநாள் இழுக்கிற முதல் மடி கோயிலுக்கு. அன்றைக்குக் கயிற்றின் தலையில் யார் நிற்கிறானோ, அந்த வருஷம் முழுக்க அவன்தான். ஒரு தடவை இடம் கைமாறினால் திரும்பி வந்ததாக நான் பார்த்ததில்லை. செல்வதாஸ் கிழக்குக் கயிற்றில் நிற்கிற பையன், நல்லவன், வேண்டுமென்று யார் இடத்தையும் பிடிக்கிறவன் இல்லை. ஆனால் கொடுத்தால் வேண்டாமென்பானா? அன்றைக்கு வீட்டுக்கு வந்த ததேயுஸ் சோற்றில் கை வைக்கவில்லை. வலை பொத்துகிற ஊசியை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். கயிற்றிலிருந்து அவரை இறக்கிவிட்டால் அப்புறம் அந்த மனுஷனிடம் என்ன மிச்சம்? வீட்டில் பேசுகிற அந்த இரண்டு சொல்லும் போய்விடும்.

நேரே சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அவரைக் கூப்பிட்டார். "ததேயுஸ், உன் வலையையும் நான்தானே மந்திரிச்சேன்? அதைப் போர்த்திக்கிட்டா படுக்கிறே? கிளீட்டசோட கோழிக்கூட்டையும்தான் மந்திரிச்சேன். அவர் தலையில கவிழ்த்துக்கிட்டா அலையிறார்?" நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ததேயுசும் சிரித்தார். "உத்தரியம் வேறே, பட்டை வேறே. தாராளமாக் கழற்று. பாவமில்லை" என்றார் சாமியார்.

முடிந்தது பிரச்சினை என்று நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவர் கழற்றவில்லை.

"இனி என்ன கேடு? சாமியாரே சொல்லியாச்சில்லியா!" என்று கத்தினேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "சாமி சொன்னாரு. டாக்டரய்யாவும் சொன்னாரு. ஏட்டி, திரும்ப அந்த வலி வந்தா அவங்களா தாங்குவாங்க? அன்னைக்குக் குனிஞ்சு நின்னப்போ செத்துட்டேன்னு நெனச்சேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாதாவுமில்லை, மந்திரிப்புமில்லை. மனுஷனுக்குப் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முதுகு வலித்தால் எண்ணெய் தடவலாம், பயத்துக்கு எங்கே தடவுவது? ஒருநாளும் பயமென்று சொல்லாத வாய் அது. கடலில் கட்டுமரம் கவிழ்ந்து பொழுதுக்கும் நீந்தி வந்தபோதுகூடச் சொல்லாத வாய். என் கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆனால் நான் சும்மா இருக்கிறவளா? மறுநாளே, "பட்டை நாறுது. சனிக்கிழமை மாதாவுக்கு உகந்த நாளு. அன்னைக்குக் கழுவினா மாதாவுக்குச் சந்தோஷம், வலி அண்டாது" என்று ஒரு போடு போட்டேன். எந்த வேதத்திலும் இல்லாத சட்டம்! பட்டை காய்கிறவரைக்கும் அசையாமல் படுத்துக்கொள்வதாகச் சொல்லி ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை பட்டையைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, பாயில் பலகை மாதிரி நீட்டிப் படுத்துக்கொண்டார்.

கிணற்றடியில் வைத்துச் சோப்புப் போட்டேன். முதுகுப்பக்கம் ஓர் உறை கிழிந்து, துருப்பிடித்த தகடு தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. உள்ளே வைத்துத் தைக்கலாமென்று ஊசி எடுக்கப் போனவள் அப்படியே நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறை என்றுதானே டாக்டரய்யா சொன்னார்? நேரத்தைத்தான் குறைக்க வேண்டுமா? இரும்பைக் குறைத்தால் ஆகாதா?

தகடு இருந்த இடத்தில் பனையோலை நறுக்கு ஒன்றை மடித்துச் செருகினேன். தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உறையைத் தைத்து, காயவைத்து, "இந்தாரும்" என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கட்டிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு தகடு. அதற்கடுத்ததில் இன்னொன்று. எடுத்ததை எல்லாம் உப்புப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். ஒன்று மட்டும் துரு போகத் தேய்த்தபோது மீன் செதிள் சுரண்ட என்னமாய் இருந்தது தெரியுமா! நல்ல இரும்பை வீணாக்க மனசு வருமா? அதை அடுப்படியிலேயே வைத்துக்கொண்டேன். இன்னொன்றும் செய்தேன். கீழே விழுந்த பீடியை எடுத்துக் கொடுப்பதை நிறுத்தினேன். என்னைப் பார்த்தால், "மீன் வெட்டின கை, நீரே எடும்" என்பேன். முதலில் காலால் தள்ளிக்கொண்டு போய்ச் சுவரோரமாக எடுத்தார். பிறகு ஒருநாள் பார்க்கிறேன், முட்டியில் கை ஊன்றிக் குனிந்து எடுக்கிறார். கூப்பிட்டால் தலையும் தோளும் முதலில் திரும்புகிறது, கால் அப்புறம்தான் வருகிறது. நான் ஒன்றையும் கவனிக்காதவள் போல அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

சந்தைக்குப் போகிற வழியில் சுந்தர்சிங்கிடம் கேட்டேன். "பட்டையைக் கழற்றாமலே பட்டையைக் குறைச்சா தப்புண்டா?" அவருக்கு விளங்கவில்லை. "அது எப்பிடி?" என்றார். "சும்மா கேட்டேன்" என்று நெத்தோலியில் ஒரு பிடி கூடுதலாகப் போட்டுவிட்டு நடையைக் கட்டினேன்.

மாதா திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை கடைசித் தகட்டையும் உருவினேன். இப்போது பட்டையில் கித்தானும் ஓலையும்தான். திருநாள் வந்தது. தேர் இழுத்தார்கள், வெடி போட்டார்கள், ஊரெல்லாம் ஆட்டுக்கறி மணத்தது. எனக்கு ஒரு துண்டு கறி இறங்கவில்லை. நாளைக்கு அத்தனை பேர் முன்னால் முதுகு பிடித்துக்கொண்டால்? இரும்பு இருந்திருந்தால் தாங்கியிருக்குமே என்று ஆகிவிட்டால்? இடமும் போய், மனுஷனும் படுத்துவிட்டால், அந்தப் பழி என் தலையில் அல்லவா? சொல்லிவிடலாமா என்று நாலைந்து தடவை வாயெடுத்தேன். சொன்னால் அந்த நிமிஷமே பயந்துவிடுவாரே என்று விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஊரே கரையில் திரண்டது. சாமியார் வெள்ளை அங்கியில் வந்து கடலுக்குத் தீர்த்தம் தெளித்தார். வள்ளம் வலையை விட்டுத் திரும்பியது. ததேயுஸ் பட்டையின் வாரை ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்துவிட்டு, தண்ணீரில் இறங்கி, மேற்குக் கயிற்றின் தலையைப் பிடித்தார். கிழக்கில் செல்வதாஸ். மாதாவே, இவரைக் காப்பாத்து, என்னை அப்புறம் என்ன வேணும்னாலும் செய் என்று வேண்டிக்கொண்டேன்.

பாட்டை எடுத்தார்.

"மாதா திருநாளு ஏலேலோ
மடிநெறைய வாருது ஏலேலோ!"

முதல் நாலு இழுப்பு பழையபடி கல்தான். பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிளீட்டஸ் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். அப்போது ஒரு பெரிய அலை வந்து அவரை இடுப்புவரை அடித்தது. விழாமலிருக்க மனுஷன் பின்னால் சாய்ந்தார். சாய்ந்தவர் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் குனிந்தார். ஒன்றும் ஆகவில்லை! அடுத்த இழுப்புக்கு இன்னும் கொஞ்சம் குனிந்தார். அதற்கடுத்த இழுப்புக்கு நன்றாகவே குனிந்தார். இடுப்பு ஆடத் தொடங்கியது. பின்னால் நின்ற அத்தனை பேரும் அதோடு குனிந்து அதோடு சாய்ந்தார்கள். கயிறு வந்தது பாருங்கள், பாம்பு வருகிற மாதிரி! இரண்டு கயிறும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தன. மடி சரியவில்லை. கரை ஏறினபோது உள்ளே சாளை துள்ளுகிற சத்தம், மழை பெய்கிற சத்தம்.

"ஏலே ததேயுஸு! இந்த வருஷமும் மேற்குக் கயிறு ஒனக்குத்தாம்லே!" என்று கிளீட்டஸ் கத்தினார். செல்வதாஸ் ஓடி வந்து, "அண்ணே, இடத்துக்கு எனக்கும் ஆசைதான். ஆனா ஒங்க பாட்டு எனக்கு வராது" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அழுதேன். ஏன் மறைக்க வேண்டும்? மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

உடனே ஊர் சும்மா இருக்குமா? மந்திரிச்ச பட்டையின் மகிமை என்று பேச்சு கிளம்பிவிட்டது. எனக்கும் இடுப்பு வலி, ஒருநாள் தாரும் என்று நாலைந்து பேர். கிளீட்டசே, "எனக்கும் ஒரு பிடிப்பு உண்டும் மக்கா" என்றார். ததேயுஸ் என்ன செய்தார் தெரியுமா? நின்ற இடத்திலேயே கொளுக்கியை அவிழ்த்தார், பட்டையைக் கழற்றினார், என் தோளில் போட்டார். "இவகிட்ட கேளுங்க. அவளுக்குத்தான் இதோட சூட்சுமம் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெறும் இடுப்போடு வீட்டைப் பார்த்து நடந்தார். எனக்குப் பகீரென்றது.

வீட்டில் நான் சாளை செதிள் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே வந்து குந்தினார். சுவரைப் பிடிக்கவில்லை, பெருமூச்சு விடவில்லை.

"தகடெல்லாம் எங்கேட்டி?"

"எந்தத் தகடு?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

"கையில ஒண்ணு இருக்கு. மத்ததைக் கேட்டேன்."

கையைப் பார்த்தேன். அடி மானங்கெட்டவளே! அந்தத் தகட்டால்தான் அவர் கண்ணெதிரிலேயே சுரண்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதமாக அப்படித்தான் சுரண்டியிருக்கிறேன்.

"எப்பமிருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"மொத சனிக்கிழமையே தெரியும். கட்டினதுமே ஓலை சலசலன்னுது. எனக்கென்ன காதா கேக்காது?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நானாக் கழற்ற பயமா இருந்துது. நீ ஒண்ணொண்ணா எடுக்கேன்னு தெரிஞ்சதும், சரி, எடுக்கட்டும்னு இருந்தேன். நீ சந்தைக்குப் போனதும் தென்னையைப் பிடிச்சிட்டுக் குனிஞ்சு பாப்பேன். ஒரு தகடு போனா அந்த வாரம் கை இன்னும் கொஞ்சம் கீழ போகும்."

"அப்பம் கடைசித் தகடு போனதும் தெரியுமா? தெரிஞ்சுதான் இன்னைக்குக் கயிறு பிடிச்சீரா?"

"தெரியாம பின்ன? நீ எடுத்திருக்கே. எனக்கு வலிக்கும்னா நீ எடுப்பியா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. செதிள் ஒட்டின கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே உப்புப் பானைக்குப் பின்னாலிருந்த தகடுகளையெல்லாம் எடுத்துத் துடைத்து, உறையில் போட்டுத் தைத்தேன். ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுத்தால் வேறே யாருக்காவது ஆகும். செதிள் சுரண்டுகிற தகட்டை மட்டும் திருப்ப மனசு வரவில்லை. அந்த உறையில் ஓலையே கிடக்கிறது. சபைக்கார ஆஸ்பத்திரியில் எங்கள் மாதா தீர்த்தம் பட்ட பட்டையை யார் யார் கட்டினார்களோ, எல்லோருக்கும் சுகமாகியிருக்கும், சந்தேகமில்லை.

மறுநாள் காலை கரையில் கடவத்தை நிரப்பினேன். பட்டையை மடித்து மேலே வைத்தேன். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வழக்கம்போல, "ஏட்டி விக்டோரியா, ஒரு கை குடு!" என்று கூப்பிட்டேன். அவள் கிட்டே வந்தவள், என் பின்னால் யாரையோ பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே விலகிப் போனாள்.

ததேயுஸ் வந்து குனிந்தார். கடவத்தின் அடியில் இரண்டு கையையும் கொடுத்தார். ஒரே மூச்சில் நிமிர்ந்து, சும்மாட்டின் மேல் அலுங்காமல் வைத்தார்.

"பைய போட்டி" என்றார்.

கடவத்திலிருந்து மீன்தண்ணி முகத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது. அது நல்லதாய்ப் போயிற்று. ஏதாவது பதிலுக்குச் சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தேன், எனக்கு ஒன்றும் வரவில்லை.

"என்னட்டி, ஒனக்கா வாய் அடைச்சுப் போச்சு?" என்று கேட்டார். கரையில் நின்ற அத்தனை பெண்டுகளும் சிரித்தார்கள். நான் பைய நடந்தேன்.